ரெண்டு காலும் அஞ்சு தட்டும்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணி,

மெயில் எழுதி எனக்குப் பழக்கமே இல்ல. வேலைக்கு அப்ளை பண்ணப்போ ஒண்ணு எழுதினேன், அது மரியாதையா ஆரம்பிச்சு கெஞ்சல்ல போய் முடிஞ்சுது. இதுவும் அப்படித்தான் முடியும்னு தோணுது. வேற வழி? ஃபேமிலி குரூப்ல இருந்து நீங்க வெளிய போயிட்டீங்க. தனியா மெசேஜ் போட்டா படிச்சதா காட்டுது, பதில் மட்டும் வர மாட்டேங்குது. மெயில்னா உங்க மூக்குக்கண்ணாடிக் கடை விஷயமோன்னு பயந்தாவது திறப்பீங்கல்ல?

நல்ல சேதி முதல்ல. நம்ம வீட்டுக்கு ஓவன் வந்தாச்சு!!! மூடிட்டுப் போன ஒரு காபிக் கடையில ரிப்பேருக்கு சோபா எடுக்கப் போன அப்பா, சோபாவுக்கு மேல ஓவனையும் ஏத்திட்டு வந்துட்டாரு. அண்ணன் அதைத் திறந்து வயரெல்லாம் பாத்துட்டு, "நான் பாக்குற லிஃப்ட் எல்லாத்தையும் விட இது சமத்து"ன்னு சர்டிபிகேட் குடுத்துட்டான். அம்மாதான் இன்னும் தொடல. அதுக்கு மேல ஒரு துணி போட்டு மூடி, துணிக்கு மேல மருந்து டப்பாவை எல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க. ஓவன் இல்லையாம் அது, அலமாரியாம்.

என்ன செய்யப் போறேன் தெரியுமா? முழுக்கோழி! ஓவன் அக்கா வீடியோ. ஓவன் அக்காவை மறந்திருக்க மாட்டீங்க, நான் உங்களுக்கு ராத்திரி பகல் பாக்காம லிங்க் அனுப்பிக் கொல்லுவேனே, அவங்கதான். முகம் காட்ட மாட்டாங்க, கை மட்டும்தான் வரும், ஆனா அந்தக் கையைப் பாத்தாலே எனக்குத் தைரியம் வந்துடும். போன வாரம் லைவ்ல என் கமென்ட்டைப் படிச்சாங்க அண்ணி. "இந்தத் தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கா"ன்னாங்க. நான் மொபைல் கடையில ஒரு கஸ்டமரோட டிஸ்ப்ளேவை ஒட்டிக்கிட்டிருந்தேன், கோணலா ஒட்டிட்டேன்.

அக்கா சொல்றது இதுதான். ஒரே ட்ரே. அடியில உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், உரிக்காத பூண்டு. மேல வெண்ணெய் தடவின கோழி, அதோட வயித்துக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம். உள்ள தள்ளி கதவை மூடிட்டா கோழியில இருந்து வடியிறதுல காய் தானா வெந்துடும். யாரும் அடுப்படியில நிக்க வேணாம். குடும்பமே ஒண்ணா உட்காரலாம்.

இந்த ஞாயிறு ஒத்திகை. 22-ஆம் தேதி ஞாயிறு நிஜம். அன்னிக்கு நீங்க வரணும்.

கெஞ்சல் பகுதி வந்துடுச்சு. அண்ணன் சொன்னான், அந்த ஊர்க் கடையில உங்களை நிரந்தரமாவே இருக்கச் சொல்றாங்களாம், மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். அவன் அதைத் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான். அப்பா "பிரமோஷனா? நல்லதுதானே"ன்னாரு. அம்மா தண்ணி எடுக்கப் போயிட்டாங்க. புதுக் கிளை திறக்கிற வரைக்கும்னுதானே போனீங்க? அதுதான் திறந்து எத்தனையோ பேருக்குக் கண்ணே தெரிய ஆரம்பிச்சிருக்குமே. எப்போ வருவீங்க? எனக்கு மட்டும்தான் ஒண்ணும் புரியலையா, இல்ல இந்த வீட்ல யாருக்குமே புரியலையா?

வாலு


ஜூன் 5, வியாழன்

வாலு,

திறந்துட்டேன். லென்ஸ் கம்பெனி அனுப்பின புகார்னு நெனச்சேன். புகார்தான், ஆனா அவங்க எழுதுறது இதுல பாதி கூட இருக்காது.

கோழியை முந்தின நாளே உப்பு தடவி, மூடாம ஃப்ரிட்ஜ்ல வை. ஈரம் இருந்தா தோல் மொறுமொறுன்னு வராது. இதை உன் ஓவன் அக்காவும் சொல்லியிருப்பாங்க, ஆனா நீ வீடியோவை ஓட்டி ஓட்டிப் பாக்குற ஆளு. அத்தை அதைத் திரும்பக் குழாயில கழுவாம பாத்துக்கோ. அது உன்னால முடியுமான்னு எனக்கு சந்தேகம்.

ஞாயித்துக்கிழமை எனக்குக் கடை உண்டு. வார நாள்ல யாருக்கும் கண் மங்காது போல, மொத்த ஊரும் ஞாயிறுதான் வருது.

நிரந்தரம் பத்தி உங்க அண்ணன் சொன்னது சரிதான். சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இங்க லென்ஸ் தேய்க்கிற ரூம்ல ஒரு பெரிய ஜன்னல் இருக்கு. வேலை முடிஞ்சா எனக்குன்னு ஒரு ரூம், ஒரு தட்டு. குறை ஒண்ணும் இல்ல.

ஒண்ணு மட்டும் எழுது. முழுசா வேக வச்சு மேசை நடுவுல வச்சா, யார் வெட்டுவா? யாருக்கு எந்தப் பீஸ் போகும்? அதை எழுது. மத்தது அப்புறம்.

அண்ணி


ஜூன் 9, திங்கள்

அண்ணி,

பதில் போட்டுட்டீங்க!! ஒரு ஆச்சரியக்குறி அதிகம்னு திட்டுவீங்க, பரவாயில்ல.

ஒத்திகை ரிப்போர்ட். அம்மா கழுவிட்டாங்க. நான் குளிக்கப் போன நேரம் பாத்து ஃப்ரிட்ஜைத் திறந்து, "உப்பு பூத்துக் கெடக்கு, பாவம்"னு கோழியைக் குளிப்பாட்டிட்டாங்க. நான் ஹேர் ட்ரையர் எடுத்துட்டு வந்து காய வச்சேன். அப்பா வாசப்படியில நின்னு, "ஃபேஷியலும் உண்டா?"ன்னாரு.

அடுத்தது கால் கட்டுறது. ரெண்டு காலையும் சேத்து நூலால கட்டணும்னு அக்கா சொல்வாங்க, அப்போதான் ஒரே மாதிரி வேகும். "கட்டுறது என் டிபார்ட்மென்ட்"னு அப்பா பட்டறையில இருந்து சோபா தைக்கிற நூலைக் கொண்டு வந்து ஒரு முடிச்சுப் போட்டாரு பாருங்க, யானை உக்காந்தாலும் அவிழாதாம். யானை உக்காந்தா அவிழாது, ஓவன்ல வச்சா உருகும்! அது நைலான். புகையோட ஒரு நாத்தம் வந்துச்சு, திறந்து பாத்தா கோழி ரெண்டு காலையும் அகட்டிக்கிட்டு, லீவு நாள்ல டிவி பாக்குற அண்ணன் மாதிரி படுத்திருந்துது. நூலை இடுக்கியால எடுத்தோம். அண்ணன் சிரிச்சான் அண்ணி. நீங்க போனதுக்கு அப்புறம் அவன் சத்தமா சிரிச்சு நான் கேக்கவே இல்ல.

அம்மாவுக்குத்தான் செய்றதுக்கு வேலையே இல்லாம போச்சு. ஓவன் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து, எந்திரிச்சு, திரும்ப உக்காந்து, கதவைத் திறந்து திறந்து பாத்தாங்க. அப்பா, "ஓடிப் போயிடும்னு பாக்குறியா?"ன்னாரு.

ஆனா வெளிய எடுத்தப்போ, சத்தியமா, தேன் கலர். அடியில உருளைக்கிழங்கு ஓரமெல்லாம் கருகி, உள்ள வெண்ணெய் மாதிரி. அப்பா ரெண்டு ஸ்லைஸ் ரொட்டியை ட்ரேயிலயே தோய்ச்சுச் சாப்பிட்டாரு.

நீங்க கேட்டதுக்கு வரேன். அம்மாதான் வெட்டினாங்க, வேற யாரு? அப்பாவுக்கு ஒரு கால். அண்ணனுக்கு ஒரு கால். எனக்கு நெஞ்சுக்கறி, வளர்ற பொண்ணாம், எனக்கு வயசு இருபது. அதுக்கப்புறம் அம்மா கோழியைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "என்னம்மா தேடுற?"ன்னேன். "கழுத்து"ன்னாங்க. "இந்தப் பாக்கெட் கோழிக்குக் கழுத்து வராதும்மா, கம்பெனியிலயே எடுத்துடுவாங்க"ன்னேன். "அப்போ எனக்கு?"ன்னு கேட்டாங்க. எங்க யார்கிட்டயும் இல்ல, கோழிகிட்ட கேட்டாங்க.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கல. அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் முதுகெலும்புல ஒட்டினதை வழிச்சு, கேரட்டோட, நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க.

ஒரு சந்தேகம். அண்ணன் அந்தக் காலைச் சாப்பிடவே இல்ல. வயிறு ஃபுல்லுன்னான். இன்னிக்குக் காலையில அப்பா அதை டப்பாவுல போட்டு பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. உடம்பு சரியில்லையோன்னு தொட்டுப் பாத்தேன், சூடெல்லாம் இல்ல.

22-ஆம் தேதிக்கு உங்களுக்கு எந்தப் பீஸ்? எழுதும்போதுதான் உறைச்சுது, ரெண்டு வருஷமா ஒரே மேசையில சாப்பிட்டிருக்கோம், உங்களுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியல. ஓவன் அக்காவுக்குப் பிடிச்சது கூட எனக்குத் தெரியும். விங்ஸ்.

வாலு


ஜூன் 11, புதன்

வாலு,

இதை எழுதி அழிச்சு எழுதி அழிச்சு, கடைசியில சாப்பாட்டு நேரம் போச்சு. அதனால சுருக்கமா சொல்லிடறேன்.

எனக்குப் பிடிச்சது கால்.

எங்க வீட்ல நாங்க மூணு பொண்ணுங்க, எங்கம்மா முறை வச்சுக் குடுப்பாங்க. உங்க வீட்டுக்கு வந்ததும் முறையே வேற. அத்தை கரண்டியில என்ன வருதோ அது தட்டுல விழும். மாமாவுக்கும் உங்க அண்ணனுக்கும் கால், உனக்கு நெஞ்சு, எனக்கு முதுகு, அத்தைக்குக் கழுத்து. வெட்டி வேக வச்ச கறியில இது கண்ணுல படாது. எல்லார் தட்டுலயும் கறி இருக்கும், அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாள் படல.

அன்னிக்கு உனக்கு வேலை கிடைச்ச நாள். எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். சட்டி என் பக்கத்துல இருந்துது, நானே ஒரு காலை எடுத்து என் தட்டுல வச்சேன். அத்தை பேசிக்கிட்டே வந்து, கரண்டியை நீட்டி, என் தட்டுல இருந்து அதை எடுத்து அவர் தட்டுல வச்சாங்க. "அவனுக்குப் பிடிக்கும்"னாங்க. கோவமா இல்ல. ஈ ஓட்டுற மாதிரி. மாமா ஏதோ சோபா கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ சாப்பாட்டை போட்டோ எடுத்துக்கிட்டிருந்த. உங்க அண்ணன் அதை எடுத்துச் சாப்பிட்டாரு.

அவ்வளவுதான். மறு வாரம் புதுக் கிளைக்கு யார் போறீங்கன்னு கடையில கேட்டாங்க, நான் கையைத் தூக்கிட்டேன்.

ஒரு கோழிக் காலுக்காகப் புருஷனை விட்டுட்டுப் போனியான்னு கேப்பாங்க. நானே என்னை அப்படித்தான் கேக்குறேன். பதில் தெரியல. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத.

22-ஆம் தேதி நான் வர்றதா இல்ல. கோழிக்குப் பதிலா உன் மேல கோவப்பட்டுடுவேனோன்னு இருக்கு.

அண்ணி


ஜூன் 12, வியாழன்

அம்மா கெட்டவங்க இல்ல அண்ணி.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி ஃபுல்லா உக்காந்து நெத்தியில துணி போட்டது யாரு? லாண்டரியில நாள் பூரா இஸ்திரி போட்டுட்டு வந்து உங்க யூனிஃபார்மையும் தேய்ச்சுக் குடுத்தது யாரு? அதெல்லாம் எழுதல நீங்க. கரண்டியை மட்டும் எழுதியிருக்கீங்க.

சொல்லியிருக்கலாம்ல. அந்த இடத்துலயே "அது என்னோடது"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நீங்க பேசாம இருந்துட்டு இப்போ எங்க எல்லாரையும் ஃபெயில் பண்றீங்க.

வாலு


ஜூன் 14, சனி

அண்ணி,

முந்தாநேத்து நான் எழுதின மெயிலை நெனச்சுத் தூங்கல. திரும்பப் படிச்சேன். உங்க மெயிலையும் படிச்சேன். அன்னிக்கு நான் எடுத்த போட்டோ என் பேஜ்ல இன்னும் இருக்கு, "வேலை கிடைச்சாச்சு, ட்ரீட்"னு. நூத்தி சொச்சம் லைக். சட்டிதான் தெரியுது. சட்டிக்கு இந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாம போட்டிருக்கேன்.

சரி. நான் பிரச்சனைன்னா தீர்வு தேடுற ஆளு. டிஸ்ப்ளே உடைஞ்சா அழ மாட்டேன், மாத்துவேன். ஓவன் அக்கா லைவ்ல கேட்டுட்டேன் (ஊர் பேரு, ஆள் பேரு எதுவும் சொல்லல, பயப்படாதீங்க). "அக்கா, கால் சண்டை வந்தா என்ன பண்றது?"ன்னேன். "ரெண்டு கோழி வச்சுடு தங்கச்சி!"ன்னாங்க.

வேற லெவல் ஐடியால்ல அண்ணி? ட்ரே அளந்துட்டேன், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரும். காய் ரெண்டு பங்கு. நாலு கால்! இப்போ வருவீங்களா?

வாலு


ஜூன் 16, திங்கள்

வாலு,

நாலு கால், அஞ்சு பேர். யாருக்கு வராதுன்னு யோசிக்காமலே உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மூணு கோழி வாங்கினாலும் அதே கரண்டிதான்டி பரிமாறும்.

நீ கேட்ட இன்னொண்ணுக்கும் பதில். ஏன் அந்த இடத்துலயே பேசலன்னு. நான் பேசணும்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி அவர் ஏதாவது சொல்றாரான்னு ஒரு வாய் நேரம் காத்திருந்தேன். அவர் வாய்க்குள்ள அது போயிடுச்சு. அப்புறம் எதைப் பேச?

காய்ச்சல், யூனிஃபார்ம் எல்லாம் மறக்கல. மறந்திருந்தா இவ்வளவு வலிக்காது.

அண்ணி


ஜூன் 18, புதன்

அண்ணி,

நான் சொல்லல. கேட்டேன். ரெண்டும் வேற வேற.

நேத்து சாயங்காலம் அண்ணன் என்னைக் கடையில இருந்து ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்தான். வழியில ஒரு கட்டடத்துல லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போன் வந்துச்சு. நானும் கூடப் போனேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒரு ஆள் மாட்டிக்கிட்டு ஒரே கத்தல். அண்ணன் மேல இருந்து, "சார், கதவைத் தொடாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், பேசிக்கிட்டே இருங்க"ன்னு அவ்வளவு பொறுமையா பேசி வெளிய எடுத்தான். வெளிய வந்தவர் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல.

திரும்ப ஸ்கூட்டர்ல ஏறும்போது கேட்டுட்டேன். "ஒத்திகை அன்னிக்கு ஏன்டா கோழிக் காலைச் சாப்பிடல?"

வண்டியை ஸ்டார்ட் பண்ணாம நின்னான். "அவ சொன்னாளா?"ன்னான்.

"என்ன சொல்லணும்?"

"நடிக்காத."

அப்புறம் சொன்னான் அண்ணி. நான் கேட்ட மாதிரியே எழுதறேன், ஒரு வார்த்தை சேக்கல. "தட்டுல விழுந்ததைச் சாப்பிட்டுத்தான் பழக்கம். எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்குற பழக்கம் இல்ல. பாதி சாப்பிட்டப்புறம்தான் அவ தட்டைப் பாத்தேன். பாதி கடிச்சதைத் திருப்பிக் குடுக்கவா முடியும்? மீதியையும் சாப்பிட்டுட்டேன். அது தப்புன்னு வாய்க்குள்ள இருக்கும்போதே தெரியும்."

"அவங்ககிட்ட சொன்னியா?"ன்னேன்.

"என்னன்னு சொல்ல? காலைச் சாப்பிட்டதுக்கு ஸாரின்னா? கேட்டா சிரிப்பா இருக்கும்."

"யாரோ முன்னப்பின்ன தெரியாத ஆளை லிஃப்ட்ல இருந்து எடுக்க அவ்வளவு நேரம் பேசுவ, வீட்ல மாட்டிக்கிட்டிருந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டியா"ன்னு கத்திட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பாத்தாரு. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டான். வீடு வர்ற வரைக்கும் கழட்டல. வீட்டுக்குள்ளயும் கழட்டாம போய் சோபாவுல உக்காந்தான். அப்பா, "லிஃப்ட்டு தலையில விழுமோன்னு பயமா?"ன்னாரு.

அவனுக்குத் தெரியும் அண்ணி. முதல் நாள்ல இருந்தே தெரியும். அது நல்லதா கெட்டதான்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு நாள் பூரா கோவமாத்தான் இருக்கு, ஆனா அது உங்க மேல இல்ல இப்போ.

கோழி ஒண்ணுதான். ரெண்டு வாங்கல.

வாலு


ஜூன் 20, வெள்ளி

ஞாயிறு லீவு சொல்லிட்டேன். மத்தியான பஸ்ல வரேன், சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன். யார்கிட்டயும் சொல்லி வைக்காத, முக்கியமா அத்தைகிட்ட. எனக்குன்னு தனியா எதுவும் செய்யக் கூடாது.

இந்தத் தடவை பருத்தி நூல் வாங்கு. உரிச்ச பூண்டு போடாத, கருகிடும்.

அண்ணி


ஜூன் 23, திங்கள்

அண்ணி,

ஊர் போய்ச் சேந்துட்டீங்கன்னு அண்ணன் சொன்னான். உங்களை பஸ் ஏத்திட்டு அவன் வீட்டுக்கு வந்தப்போ நான் ட்ரே தேய்ச்சு முடிச்சிருந்தேன். பஸ் ஸ்டாண்டுல என்ன பேசினீங்கன்னு கேட்டேன். "கேக்க வேண்டியதை அவ கேட்டா, சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்"னான். எல்லாத்துக்கும் மேல மூடி போட்டுக் குடுக்குறான் பாருங்க.

நான் எவ்வளவு ப்ளான் பண்ணியிருந்தேன் தெரியுமா? கத்தி என் கையில. அம்மாவை உக்கார வச்சாச்சு. ஓவன் அக்கா மாதிரியே, "இப்போ கோழியைக் கொஞ்ச நேரம் ஆற விடணும், அப்போதான் சாறு உள்ளயே நிக்கும்"னு லெக்சர் குடுத்தேன், நீங்க கூடச் சிரிச்சீங்க. வந்தவங்களை முதல்ல கேக்கணும்னு உங்களைக் கேட்டேன். நீங்க "கால்"னு சொன்னீங்க. சத்தமா, தெளிவா.

அம்மாவோட கை எந்திரிச்சதை நானும் பாத்தேன். கரண்டி கூட இல்ல, வெறுங்கை. அதுக்குள்ள அண்ணன் தன் தட்டு மேல உள்ளங்கையைக் கவுத்து வச்சுட்டான். "எனக்கு நெஞ்சுக்கறிம்மா"ன்னான். எனக்கு அப்படியே அவனைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துது, கையில கத்தி இருந்ததால விட்டுட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கணும். நான் ஒரு ஹீரோயின் மாதிரி ரெண்டாவது காலை அம்மா தட்டுல வச்சேன். வச்சு கை எடுக்கல, அது அப்பா தட்டுக்குப் போயிடுச்சு! அம்மா அதைப் பாக்கக் கூட இல்ல, உங்ககிட்ட பஸ்ல கூட்டமான்னு கேட்டுக்கிட்டே தூக்கி வச்சாங்க. அப்பா, "அடடே"ன்னு சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு.

நான் தோத்துட்டேன்ல? மொத்தமா சொதப்பிட்டேன்ல? உங்க முகம் அப்போ எப்படியோ ஆச்சு. அதுக்கப்புறம் நீங்க யார்கிட்டயும் சரியா பேசல. அம்மாவையே பாத்துக்கிட்டிருந்தீங்க. பழையபடி கோவம் வந்துடுச்சோன்னு நான் கேரட்டைத் தட்டு ஓரமாத் தள்ளிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

நீங்க போனப்புறம் அப்பா, "மருமக கால் எல்லாம் சாப்பிடுவாளா? எனக்குத் தெரியவே தெரியாதே"ன்னாரு. அம்மா, "எனக்கும்"னாங்க. அப்புறம் லாண்டரி துணியை மடிக்கப் போயிட்டாங்க. மடிச்சதையே திரும்ப மடிச்சுக்கிட்டிருந்தாங்க.

வர்ற திங்கள்தான் மாசக் கடைசி. என்ன சொல்லப் போறீங்க?

வாலு


ஜூன் 26, வியாழன்

வாலு,

முதல்ல கோழி. தோல் அருமை. தொடை எலும்புக்கிட்ட கூட நல்லா வெந்திருந்துது. உருளைக்கிழங்கைக் கொஞ்சம் பெரிசா வெட்டு. உன் ஓவன் அக்காவுக்கு என் சார்பா ஒரு லைக் போட்டுக்கோ.

நீ தோக்கல. நான் கோவமாவும் இல்ல. அத்தையைப் பாத்துக்கிட்டிருந்தேன், அது நெசம். என் தட்டுல இருந்து எடுத்ததும், அவங்க தட்டுல இருந்து எடுத்ததும் ஒரே கை, ஒரே வேகம். நான் இவ்வளவு நாளா அது என்னைத் தள்ளி வச்ச கைன்னு நெனச்சேன். அவங்க என்னையும் அவங்களையும் ஒரே பக்கத்துல வச்சிருக்காங்க. இதனால அன்னிக்கு நடந்தது சரின்னு ஆகிடாது. அந்தப் பக்கத்துல எனக்கு உக்கார வேணாம். ஆனா அவங்க அங்க தனியா நின்னுக்கிட்டிருக்கிறதை முழுக்கோழி வச்சப்போதான் பாத்தேன்.

கடையில சரின்னு சொல்லிட்டேன். நிரந்தரம். நீ அழறதுக்கு முன்னாடி மீதியையும் படி. உங்க அண்ணன் கம்பெனிக்கு இங்க ரெண்டு ஆஸ்பத்திரியோட லிஃப்ட் வேலை இருக்காம், ஆள் கேட்டு ரொம்ப நாளாச்சாம். அடுத்த மாசம் டூல் பாக்ஸோட வர்றாரு. பஸ் ஸ்டாண்டுல அவராத்தான் சொன்னாரு, நான் கேக்கல. கூடவே ஸாரியும் சொன்னாரு. பஸ் ஹார்ன் அடிச்சதுல பாதிதான் கேட்டுச்சு, திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னாரு. சிரிப்பா ஒண்ணும் இல்ல.

நான் உங்க வீட்டுக்குத் திரும்ப வரல. அது உனக்கு வருத்தமாத்தான் இருக்கும். எனக்கும் உன் தொல்லை இல்லாம காது சும்மா இருக்கு. ஆனா என் வீட்டுக்கு நீங்க வரலாம். ரூமை விட்டுட்டு, அடுப்படியும் மேசையும் இருக்கிற வீடாப் பாத்துட்டேன்.

அடுத்த ஞாயிறு அத்தையை மட்டும் கூட்டிட்டு வா. மாமா வேணாம், இந்தத் தடவை. சமைக்கிறது நான். அத்தை உக்காரணும். அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வா, அதைச் செய்றேன். "எதுன்னாலும் பரவாயில்ல"ன்னு சொன்னாங்கன்னா பஸ் ஏறாதீங்க.

அண்ணி


ஜூலை 6, ஞாயிறு

அண்ணி,

பஸ்ல இருந்து எழுதறேன், குலுங்குது, தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

திங்கக்கிழமையே அம்மாகிட்ட கேட்டேன். "எதுன்னாலும் பரவாயில்ல"ன்னுதான் சொன்னாங்க. "அப்படிச் சொன்னா அண்ணி வர வேணாம்னுட்டாங்க"ன்னேன். "இது என்னடி அநியாயம்"னாங்க. செவ்வாய் கேட்டேன், யோசிக்கிறேன்னாங்க. புதன் கேட்டேன், "எனக்கு என்ன பிடிக்கும்னு உங்கப்பாகிட்ட கேளு"ன்னாங்க. அப்பா, "கழுத்து"ன்னாரு. அம்மா அப்பாவை ஒரு பார்வை பாத்தாங்க. அப்பா பட்டறைக்குப் போயிட்டாரு.

நேத்து வரைக்கும் பதில் இல்ல. டிக்கெட்டே எடுக்கல நான். இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல, "இப்போ சொல்லலன்னா வீட்டுக்குத் திரும்பிடலாம்மா"ன்னு நெசமாவே சொல்லிட்டேன். அம்மா பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் யாருக்கும் கேட்டுடக் கூடாதுங்கிற மாதிரி சொன்னாங்க.

"எந்தப் பீஸா இருந்தாலும் சரிதான். சூடா இருக்கட்டும். நான் சூடா சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

டிக்கெட் எடுத்துட்டேன் அண்ணி. ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு.